ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம்: ஒரு பட்டறைக்காரர் ஓட்டிய காடிகள்

மோட்டார் பந்தயம் என்றதும் நம் பிள்ளைகளின் கண்ணில் இரண்டு காட்சிகள்தான் வரும். ஒன்று, செம்பனைக் காடுகளுக்கு நடுவே 1999இல் திறக்கப்பட்ட சிப்பாங் பந்தயத் திடல். கோடிக்கணக்கான வெள்ளியில் எழுந்தது அது. மற்றது, நடுச்சாமத்தில் பெரிய சாலையில் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு ஒருவரையொருவர் உரசிப் போகும் இளவட்டங்களின் கூத்து. முதலாவது நம் கைக்கு எட்டாது. இரண்டாவது எந்த வீட்டுக் கதவை எப்போது தட்டுமோ, தெரியாது. மகன் வெளியே போனால் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் தாய்மாரை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இவை இரண்டிலும் சேராத மூன்றாவது பந்தயம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் அதற்கு 'ஆட்டோகிராஸ்' என்று பெயர். பிரிட்டனில் இதே பெயரைச் சொன்னால் புல்தரையில் மண் பறக்க ஓடும் வேறொரு பந்தயம் என்று நினைப்பார்கள். இங்கே சொல்லப்போவது அமெரிக்க முறை. உழைத்துச் சாப்பிடுகிறவன் வேலைக்குப் போகும் அதே காடியைக் கொண்டுபோய் ஓட்டக்கூடிய பந்தயம் இது.

பந்தயத்துக்கு இடம் வேண்டுமே? பேரங்காடியின் காடி நிறுத்துமிடம் போதும். விமானம் இறங்காமல் கிடக்கும் பழைய ஓடுதளம் கிடைத்தால் இன்னும் நல்லது. விடியற்காலையில் நாலைந்து பேர் வந்து, சாலையில் பள்ளம் தோண்டும்போது வைப்பார்களே அந்தச் சிவப்புக் கூம்புகளை இருநூறு முந்நூறு அடுக்கி வளைந்து நெளிந்து ஒரு பாதை போடுவார்கள். ஒவ்வொரு கூம்பின் அடியைச் சுற்றியும் தரையில் சுண்ணாம்புக் கோடு. காடி ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். பக்கத்தில் முட்டி மோத இன்னொரு காடி கிடையாது. திடல் பெரிதாக இருந்தால் முன்னே போனவர் பாதித் தூரம் தாண்டிய பிறகு அடுத்தவரை விடுவார்கள். அப்போதும் இருவரும் சந்திக்கப் போவதில்லை. ஓட்டம் முழுவதும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வேகமும் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் நாம் போகும் வேகத்தைத் தாண்டாது. இரண்டாவது கியரிலேயே வேலை முடிந்துவிடும்.

"அட போங்கண்ணே, காடி நிறுத்துற இடத்துல ஓட்டுறது ஒரு பந்தயமா?" என்று கேட்கத் தோன்றும். நேரத்தை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள். ஒரு கூம்பைச் சாய்த்தாலும், நின்றபடியே கோட்டுக்கு வெளியே தள்ளினாலும் 2 விநாடி தண்டம். ஒரு நுழைவாயிலைத் தவறவிட்டால் அந்த ஓட்டமே கணக்கில் இல்லை. ஒரு நாளைக்குக் கிடைப்பது நாலைந்து ஓட்டம். அவற்றில் நல்லது ஒன்றுதான் கணக்கு. வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே பல நேரம் அரை விநாடிகூட இருக்காது. அந்த இடத்தில் 2 விநாடி தண்டம் என்றால் எப்படி வலிக்கும்!

இன்னொரு விதியைக் கேட்டால் நம் ஆட்களுக்குப் பிடித்துப்போகும். ஓட்ட வந்தவர் ஒவ்வொருவரும் வேலை செய்தே ஆகவேண்டும். இவர் ஓட்டும்போது அவர் வெயிலில் நின்று விழுந்த கூம்பை நிமிர்த்தி வைக்கவேண்டும், சிவப்புக் கொடியைப் பிடிக்கவேண்டும். பிறகு இவர் முறை. விலை உயர்ந்த காடியில் வந்த பெரிய டாக்டரும் பழைய காடியில் வந்த லோரி டிரைவரும் ஒரே மூலையில் நின்று கூம்பு பொறுக்குவார்கள். "நான் யார் தெரியுமா?" என்பதெல்லாம் அங்கே செல்லாது. வேலைக்கு வராதவருக்கு அன்றைய நேரமும் கணக்கில் இல்லை. தோட்டத்தில் வெயிலில் நின்றவர் ஒருவர், நிழலில் நின்று கணக்கு எழுதியவர் இன்னொருவர் என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதுமையாகத்தான் இருக்கும்.

இதை நடத்தும் சங்கங்களில் பெரியது எஸ்.சி.சி.ஏ. என்ற அமெரிக்க விளையாட்டுக் காடிச் சங்கம். 1944இல் தொடங்கியது. இந்தக் கூம்புப் பந்தயத்துக்கு நாடு தழுவிய முதல் போட்டியை 1973இல் நடத்தியது. 2009 முதல் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில், பழைய விமானப்படைத் தளத்தின் கான்கிரீட் தரையில் ஆண்டுதோறும் அந்தப் போட்டி நடக்கிறது. ஆயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள். ஒரு நாள் ஒரு பாதையில் 3 ஓட்டம், மறுநாள் வேறு பாதையில் 3 ஓட்டம், இரண்டு நாளின் நல்ல நேரங்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். இந்த ஆறு ஓட்டத்துக்காக ஆயிரம் மைல் காடி ஓட்டி வருகிறவர்களும் உண்டு.

அப்படி வருகிறவர்களில் ஒருவராக ஒரு பட்டறைக்காரரை வைத்துக்கொள்வோம். மற்றவர்களின் காடியை ரிப்பேர் செய்து பிழைக்கிறவர். 1970களில் இளைஞராகத் தொடங்கி, தலை நரைத்த பிறகும் விடாதவர். பெயர் எதற்கு? இவரைப்போல ஊருக்குப் பத்துப் பேர் அங்கே உண்டு; ஏறத்தாழ எல்லாரும் ஏறி இறங்கிய காடிகளும் இவையே.

முதல் காடி, பழைய மினி. நம் நாட்டிலும் ஒரு காலத்தில் கிராணிமார் வீட்டு வாசலில் நின்றதுதான். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியாளர் வரைந்து 1959இல் வெளிவந்தது. நீளம் பத்து அடிதான், சக்கரம் 10 அங்குலம், எஞ்சின் 848 சி.சி. எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்து முன் சக்கரத்தை இழுக்கவிட்டார். அந்தக் குட்டிக் காடியின் வேகமான வகை, 1964இல் பேடி ஹாப்கர்க் ஓட்ட, மாண்டி கார்லோ ராலியில் பெரிய பெரிய காடிகளைப் பின்னே தள்ளி முதலாவதாக வந்தது.

இந்த இடத்தில் பால் வெட்டும் கைகள் கொஞ்சம் நின்று கேட்கவேண்டும். மற்றக் காடிகள் பள்ளத்தில் விழுந்தால் தாங்குவதற்கு இரும்பு ஸ்பிரிங் இருக்கும். மினியில் அது இல்லை. அலெக்ஸ் மோல்டன் என்பவர் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக ரப்பர் கூம்பு வைத்தார். நாலு சக்கரத்துக்கு நாலு ரப்பர் துண்டு. காடியின் முழுப் பாரமும் அதன்மேல்! ரப்பருக்கு ஒரு குணம்: லேசாக அழுத்தினால் லேசாகக் கொடுக்கும், மேலும் அழுத்த அழுத்த முறுக்கிக்கொள்ளும். ஒருவர் மட்டும் ஏறினாலும் சரி, நாலு பேர் சாமானோடு ஏறினாலும் சரி, அந்தத் துண்டே சமாளித்துவிடும். 1964இல் திரவம் நிரப்பிய வேறொரு முறைக்கு மாறிப் பார்த்தார்கள்; சில ஆண்டுகளில் ரப்பருக்கே திரும்பிவிட்டார்கள். இன்றும் பழைய மினி வைத்திருப்பவர்கள் அந்த ரப்பர் கூம்பு நைந்துபோனால் மாற்றிக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள்.

கூம்புகளுக்கு நடுவே மினி எலிக்குஞ்சு மாதிரி ஓடும். மற்றவர்களுக்கு இடுக்காகத் தெரிகிற வாயில் இதற்குப் பெரிய கேட்டு. ஆனால் முன் சக்கரம் ஒன்றே திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். ஒரே ஆளைப் பாலும் வெட்டச் சொல்லி, அதே நேரத்தில் வாளியும் தூக்கச் சொன்னால் எப்படி? இரண்டில் ஒன்று கெடும். வளைவில் எண்ணெயை மிதித்தால் ஸ்டீயரிங் திரும்பியும் காடி திரும்பாமல் நேரே போய்க் கூம்பை இடிக்கும். மிதித்த காலை மெல்ல எடுத்தால் மூக்கு உள்ளே வரும். முதல் ஆண்டு முழுவதும் நம் பட்டறைக்காரர் படித்தது இந்த ஒரு பாடம். டயரிடம் உள்ள பிடிமானம் இவ்வளவுதான். அதைப் பிரேக்குக்குச் செலவழித்தால் திரும்புவதற்கு மிச்சமில்லை. அதனால் நேராகப் போகும்போதே பிரேக்கை முடித்துக்கொள்ளவேண்டும்.

பிறகு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இதுவும் பிரிட்டிஷ் காடி, 1962இல் வந்தது. திறந்த கூரை, பார்க்க அழகு, விலையும் எட்டும். இதில் பின் சக்கரம்தான் தள்ளும். பழைய ஸ்பிட்ஃபயரின் பின் அச்சு நடுவில் மட்டும் கீல் வைத்ததுபோல் இருக்கும். வளைவில் பயந்து காலைச் சட்டென்று எடுத்தால் காடியின் பின்பகுதி மேலே எழும்பும், பின் சக்கரம் இரண்டும் உள்பக்கம் மடங்கும், பிடிமானம் போய்விடும். 1970இல் வந்த அடுத்த வகையில் இதைப் பெரும்பாலும் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் பட்டறைக்காரர் வாங்கியது பழையதாயிற்றே! ஒன்றிரண்டு முறை சுற்றிச் சுழன்று வந்த வழியே பார்த்து நின்றார். கூம்பு விழுந்ததோடு சரி, ஆளுக்கு ஒன்றுமில்லை. இதே சங்கதி நம் ஊர் நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் எதிரே லோரி வந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் ஆசை அதிகமானது. சேமிப்பையும் கடனையும் சேர்த்துப் பழைய போர்ஷே 911 ஒன்று வாங்கினார். 1963இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் முதலில் காட்டிய இந்தக் காடிக்கு உலகமெங்கும் பித்தர்கள் உண்டு. எஞ்சின் பின் சக்கரத்துக்கும் பின்னால். ஒட்டுப்பால் மூட்டையைச் சைக்கிளின் பின் கேரியரில் கட்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முன் சக்கரம் லேசாகிவிடும், திருப்பினால் உடனே கேட்காது. திரும்ப ஆரம்பித்த பிறகு பயந்து வேகத்தைக் குறைத்தால் பின்னால் இருக்கும் மூட்டை 'நான் முன்னே போகிறேன்' என்று வெளியே இழுக்கும். 911 செய்வதும் அதுவே. ஆனால் அதே பாரம் பின் சக்கரத்தைத் தரையோடு அழுத்திப் பிடிப்பதால், வளைவை விட்டு வெளியேறும்போது அதன் பாய்ச்சலுக்கு ஈடு சொல்வது கஷ்டம். பழக்கம் தெரிந்தவருக்கு வரம், தெரியாதவருக்குச் சோதனை.

பட்டறைக்காரரின் நேரம் மினியில் வந்ததைவிட மோசமாக இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. அந்தக் காடியில்தான் திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கிளட்ச் தேய்ந்தால் அது வீட்டுச் செலவில் கைவைக்கும். உபகரண விலையோ மினியின் விலையைப் போல் பல மடங்கு. மனைவி சண்டை போடவில்லை. தவணைச் சீட்டையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுச் சீட்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அடுத்த மாதமே 911 விலைபோயிற்று. இந்த விளையாட்டில் திறமை இல்லாமல் விலகியவர்களைவிடக் கடன் தாங்காமல் விலகியவர்களே அதிகம் என்று நான் நினைக்கிறேன். மோட்டார் சைக்கிளுக்கு 'எக்ஸ்ட்ரா' சாமான் வாங்கியே சம்பளத்தைத் தொலைக்கும் நம் பையன்களைப் பார்க்கும்போது அந்த எண்ணம் வலுக்கிறது.

1980களில் ஜப்பான்காரர் காலம். தொயோத்தா எம்.ஆர்.2 என்ற காடி 1984இல் வந்தது. எஞ்சின் முன்னாலும் இல்லை, கடைசியிலும் இல்லை. ஆசனத்துக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால். இதன் ரகசியத்தைக் காண்டா வாளி சொல்லிவிடும். நீளக் கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு திடீரென்று திரும்பிப் பாருங்கள். திரும்பவும் நேரமாகும்; திரும்பிய பிறகு நிற்கவும் விடாது, வாளி நம்மை இன்னும் சுற்றும். அதே இரண்டு வாளியையும் உடம்போடு அணைத்துப் பிடித்தால் சட்டென்று திரும்பலாம், சட்டென்று நிற்கலாம். பாரம் நடுவில் இருக்கும் காடி அப்படித்தான். கூம்புக்கு இடப்பக்கம், அடுத்ததுக்கு வலப்பக்கம் என்று பாம்பாக நெளியும் இடத்தில் எம்.ஆர்.2 கொடிகட்டிப் பறந்தது. ஒரே குறை, பிடிமானம் போகும்போது சொல்லிக்கொண்டு போகாது.

1989இல் மஸ்டா எம்.எக்ஸ்.5 வந்தது. அமெரிக்காவில் 'மியாட்டா' என்றால்தான் தெரியும். 1600 சி.சி. எஞ்சின், ஆயிரம் கிலோவுக்கும் குறைவான எடை, முன்னும் பின்னும் ஏறத்தாழச் சரிபாதிப் பாரம். பலத்தில் பெரிய காடி அல்ல. ஆனால் என்ன செய்யப்போகிறது என்பதை முன்கூட்டியே ஓட்டுகிறவரின் முதுகுக்குச் சொல்லிவிடும். வழுக்குவதும் மெல்ல, திருந்துவதும் மெல்ல. விலையும் சம்பளக்காரருக்கு ஒத்து வந்தது. பட்டறைக்காரருக்கு முதல் கோப்பை கிடைத்தது இதில்தான். 2016இல் இந்த வகைக் காடிகளின் எண்ணிக்கை பத்து லட்சத்தை எட்டிவிட்டது. திறந்த கூரை கொண்ட இரண்டு ஆசன விளையாட்டுக் காடிகளில் இவ்வளவு விற்றது வேறில்லை.

மியாட்டாவுக்கு ஒரு குருநாதர் உண்டு. 1962இல் பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம் செய்த 'எலான்'. முதுகெலும்பு போன்ற ஓர் இரும்புச் சட்டம், மேலே கண்ணாடி இழை உடம்பு, எழுநூறு கிலோவை ஒட்டிய எடை. பலத்தைக் கூட்டுவதைவிட எடையைக் குறை என்பது அந்த நிறுவனத்தை நடத்திய காலின் சாப்மனின் வழி. இந்த லோட்டஸ் 1996இல் நம் புரோட்டோன் கைக்கு வந்து, 2017இல்தான் சீனாவின் ஜீலி கைக்குப் பெரும்பங்கு போனது. புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. வளைவில் அவ்வளவு ஒட்டிக்கொண்டு போனதற்கு லோட்டஸ் பொறியாளர்களின் கைவண்ணமே காரணம். நம்மூர் கரம்ஜிட் சிங் 2002இல் உலக ராலியின் உற்பத்திக் காடிப் பிரிவில் வெற்றி வீரரானதும் புரோட்டோன் காடியில்தான். தோட்டத்துச் செம்மண் பாதைகளில் ராலிக் காடி பறந்ததைப் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள்.

நண்பரின் ஷெவ்ரலே கார்வெட்டையும் பட்டறைக்காரர் ஓட்டிப் பார்த்தார். ஒரே காடியை இரண்டு பேர் மாறிமாறி ஓட்ட இங்கே அனுமதி உண்டு. 8 சிலிண்டர் எஞ்சின், 5.7 லிட்டர். மிதித்தால் ஆசனத்தோடு ஆளை அமுக்கும். ஆனால் அகலமான உடம்பு. மியாட்டாவுக்கு இருபுறமும் தாராளமாக இருந்த வாயிலில் கார்வெட்டுக்கு மிச்சம் குறைவு. தேர்ந்த கை அதை ஓட்டினால் மொத்தத்தில் அதுதான் முதலில் வரும். அதற்காக மியாட்டாக்காரர் கார்வெட்டோடு மோதவேண்டியதில்லை. ஏறத்தாழ ஒரே திறன் உள்ள காடிகளைத் தனித்தனி வகுப்பாகப் பிரித்துவிடுகிறார்கள். பழைய காடிக்காரருக்கும் ஒரு முதலிடம் உண்டு.

இத்தனை காடி மாறியும் மாறாத ஒன்று டயர். இந்தப் பந்தயத்தில் காடிக்கு அடுத்தபடி காசைத் தின்பது அதுதான். நேரத்தைக் குறைப்பதும் அதுதான். ஓட்டம் முடிந்து வந்ததும் டயரைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஆறிக் கிடக்கும் ரப்பர் பிடிக்காது, இளஞ்சூட்டில் நன்றாகப் பிடிக்கும், சூடு மீறினால் மறுபடியும் வழுக்கும். அதனால் செடிக்கு மருந்தடிக்கும் பம்பு போன்ற ஒன்றால் தண்ணீர் தெளித்து ஆற்றுவார்கள். டயரின் விளிம்பில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுவிட்டு ஓட்டுவார்கள். கோடு எவ்வளவு தூரம் அழிந்திருக்கிறது என்று பார்த்தால் டயர் எவ்வளவு சாய்ந்தது என்று தெரியும். அதற்கேற்பக் காற்றைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள்.

"அப்போ நம்ம மரத்துப் பால்தான் அவங்களுக்குப் பிடிமானம் குடுக்குதா?" என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்லவேண்டும். தரையைத் தொடும் மேல்பகுதியில் பந்தயக்காரர்கள் நம்புவது பெரும்பாலும் செயற்கை ரப்பரை. இயற்கை ரப்பர் துள்ளும். அழுத்திய சக்தியைத் திருப்பிக் கொடுத்துவிடும். தரையைப் பிடிக்க வேண்டுமானால் அந்தச் சக்தியை விழுங்குகிற ரப்பர் வேண்டும். அதே காரணத்தால்தான் விமான டயரும் கனமான லோரி டயரும் நம் ரப்பரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன: அது சக்தியை விழுங்குவது குறைவு, அதனால் சூடேறுவதும் குறைவு, எளிதில் கிழியவும் கிழியாது. காடியின் ரேடியல் டயரிலும் உள்ளே ஓடும் இரும்புக் கம்பிகளைப் பற்றிக்கொண்டிருப்பதும், பக்கச் சுவரில் மடங்கி மடங்கி நிமிர்வதும் பெரும்பங்கு மரத்துப் பால்தான். வெளியே தெரியாத இடத்தில் நின்று பாரம் சுமக்கிறது.

இந்தத் திடல்களுக்குக் குடும்பத்தோடு வருகிறார்கள். காலையில் கணவர் ஓட்டிய அதே மியாட்டாவில் பிறகு மனைவி ஓட்டுவார். பெண்களுக்குத் தனி வகுப்பும் உண்டு. வேண்டாம் என்றால் ஆண்களோடு சேர்ந்தே போட்டியிடலாம். பட்டறைக்காரரின் மனைவி வேடிக்கை பார்க்க வந்தவர்தான். இரண்டாவது ஆண்டில் கணவரை அரை விநாடி முந்தினார். "நீங்க ஸ்டீயரிங்கோட சண்டை போடுறீங்க. நான் போடல, அவ்வளவுதான்" என்றாராம். ஓட்டத்துக்கு முன் பாதை முழுவதும் கால்நடையாக நடந்து பார்க்க நேரம் கொடுப்பார்கள். அவர் மூன்று முறை நடப்பார். எந்தக் கூம்புக்கு அடுத்து எந்தக் கூம்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கணவரோ அந்த நேரத்தில் டயரில் காற்றடித்துக்கொண்டிருப்பார்.

ஓட்ட விடுவதற்கு முன் காடியைச் சோதிப்பார்கள். சக்கர நட்டு இறுக்கமா, பேட்டரி ஆடாமல் கட்டியிருக்கிறதா, பிரேக் மிதி கெட்டியாக இருக்கிறதா, காலடியில் தண்ணீர்ப் புட்டி உருள்கிறதா. தலைக்கவசம் இல்லாமல் யாரையும் விடமாட்டார்கள். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கண்ணும் கையும் போதும். நம் நாட்டில் ஒரு நிறுத்துமிடமும் நூறு கூம்பும் கடிகாரமும் கொண்டு, காவல்துறை அனுமதியோடு, நம் பையன்களுக்கு இப்படி ஓர் இடம் கிடைத்தால் நள்ளிரவுச் சாலைக்குப் போகிறவர்களில் சிலராவது இந்தப் பக்கம் வரமாட்டார்களா? இளைஞர் மன்றங்கள் திருவிழாவுக்கு வசூலிக்கும் ஊக்கத்தோடு இதையும் ஒருமுறை பேசிப் பார்க்கலாம்.

மாலையில் கூம்புகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி லோரியில் ஏற்றுவார்கள். கோப்பை கொடுப்பது ஐந்து நிமிட வேலை, பணம் கிடையாது. பிறகு எல்லாரும் குனிந்து ஜாக்கி வைத்துப் பந்தய டயரைக் கழற்றிவிட்டுச் சாதாரண டயரை மாட்டுவார்கள். பட்டறைக்காரரும் நாலு சக்கரத்தையும் மாற்றி, நட்டை இரண்டு தடவை இறுக்கிப் பார்த்து, மனைவியின் கோப்பையைப் பின்னால் வைத்துக்கொண்டு புறப்படுவார். காலை ஏழு மணிக்குப் பட்டறை திறக்கவேண்டும்.